பன்றிக்கு வாங்கிய வெடி

என் தம்பியின் வலது கை போன அன்று நான் அவனுக்காகத்தான் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்திருந்தேன். துறையூர்ப் பக்கம் ஒரு வேலை, முடித்துவிட்டுச் சத்திரத்தில் இறங்கி லால்குடி பஸ் மாறுவேன், அப்போது மாத்திரையை வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் போனில் சொல்லியிருந்தான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. விவசாயம் பார்ப்பவனுக்கு உரம், விதை, ஆள், மோட்டார் என்று ஆயிரம் வேலை இருக்கும்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவன் தெரிந்தான். ஒரு துணிப்பையை வலது கையால் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் இடது கையை ஆட்டிச் சிரித்தான். அதற்குள் லால்குடி பஸ் உள்ளே திரும்பியது. வழக்கம்போல ஜனம் அதன்மேல் பாய்ந்தது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், இறங்குபவர்களை இறங்கவிடாமல் ஏறுபவர்கள் ஒரு பக்கம். அந்த நெரிசலுக்குள் அவனும் மாட்டிக்கொண்டான். பையை நசுங்கவிடாமல் காப்பாற்றுவதற்காக உடம்பை முறுக்கி, கையால் அதை மூடிப் பிடித்தது வரைக்கும் பார்த்தேன்.

சத்தம் கேட்டபோது பஸ் டயர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு புகை. பிறகு ஜனம் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடியது. செருப்பு, கூடை, குடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் விழுந்து எழுந்து பார்த்தால், காலியான இடத்தில் என் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக்குக் கீழே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ரத்தம் மட்டும் பீச்சிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் மட்டும் ஓடாமல் நின்றார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு ரெக்சின் பை. வெடித்த வேகத்தில் அவர் சட்டையெல்லாம் என் தம்பியின் ரத்தம். அவர் பையைக் கீழே போட்டார், தோளில் இருந்த துண்டை எடுத்தார், மண்டியிட்டு உட்கார்ந்து தம்பியின் முழங்கைக்கு மேலே சுற்றினார். ஒரு முனையைப் பல்லால் கடித்து, இன்னொரு முனையைக் கையால் இழுத்து இறுக்கினார். ரத்தம் குறைந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை நான் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், நம்பியவர்கள் சொற்பம்.

ஓடிய கூட்டம் திரும்பி வந்தது. பயந்து ஓடியவனுக்கு வெட்கம் வரும். அந்த வெட்கத்தை இறக்கிவைக்க அவனுக்கு ஒரு ஆள் வேண்டும். தாடியும் தொப்பியும் ரத்தமுமாக ஒரு ஆள் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

"டேய், பாய்டா! இவன்தான்டா வச்சிருக்கான்!" என்று ஒருவன் கத்தினான்.

இன்னொருவன் அந்த ரெக்சின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். உள்ளே போல்ட்டுகள். அரியமங்கலத்தில் அவர் வைத்திருந்த சின்ன லேத் பட்டறையில் கடைந்து, எங்கோ கொண்டுபோய்க் கொடுக்க எடுத்து வந்தவை. சிமெண்டுத் தரையில் கலகலவென்று உருண்டன. "பாத்தியா, பாத்தியா! குண்டுக்குள்ள போடுறதுக்குக் கொண்டாந்திருக்கான்!" என்றான் கவிழ்த்தவன். அதற்குமேல் அவர்களுக்கு ஒரு சாட்சி தேவைப்படவில்லை.

முதல் அடி கரும்புச்சாறு வண்டியிலிருந்து உருவிய ஒரு முழுக் கரும்பால் விழுந்தது. அது முதுகில் விழுந்து இரண்டாக முறிந்தது. அவர் அப்போதும் துண்டின் முனையை விடவில்லை. "கட்டு அவுந்தா செத்துருவான்யா, இருங்கய்யா" என்றார். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுக்க, தொப்பிதான் கையோடு வந்தது. பிறகு தாடியைப் பிடித்தார்கள். பெல்ட்டைக் கழற்றி அடித்தார்கள். நன்றாக உடுத்திய, காலேஜ் பை மாட்டிய பெண் ஒருத்தி குடைக்காம்பால் குத்தினாள். கீழே விழுந்தவரை இடுப்பிலும் வயிற்றிலும் மிதித்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் ஓங்கி அவர் முகத்தில் இறக்கினான். அந்தச் சத்தம் வெடித்த சத்தத்தைவிடச் சின்னதுதான். என் காதில் இன்னும் இருப்பது அதுதான்.

நான் சும்மா நிற்கவில்லை. "விடுங்கடா! அவர் காப்பாத்துறாருடா! அது என் தம்பிடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு உள்ளே புகுந்தேன். ஹெல்மெட்காரனின் கையைக் கடித்தேன். ரத்தம் வரும்வரை கடித்தேன், அதில் எனக்கு இன்றும் ஒரு வருத்தமும் இல்லை. அவன் என்னை உதறினான். இரண்டு பெண்கள் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, "பாவம், கூடப்பொறந்தவன் கை போனதுல புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று எனக்குத் தண்ணீர் கொடுக்கப் பார்த்தார்கள். பாட்டிலைத் தட்டிவிட்டேன். அதற்கும் பாவம் என்றார்கள்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. என் தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கூட்டம் கைதட்டியது.

ஆஸ்பத்திரியில் தம்பியின் கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து முதலில் கேட்டதே, "அந்தக் கட்டு யாரு போட்டது? அது இல்லாட்டி இங்க வரைக்கும் வந்திருக்க மாட்டார்" என்றுதான். "அவரத்தான் சார் அடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். காத்திருப்போர் கூடத்து டிவியில் அந்த முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கண் இருந்த இடம் வீங்கி மூடியிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில் சதி, பின்னணி, தொடர்பு என்று என்னென்னவோ ஓடியது. அவருக்கு ஒரு பட்டறை இருப்பதை "ஆயுதத் தொழிற்கூடமா?" என்று ஒரு கேள்விக்குறி போட்டுக் கேட்டார்கள். கேள்விக்குறி இருந்தால் எதையும் சொல்லலாம் போலிருக்கிறது.

மயக்கம் தெளிந்த தம்பி என்னைக் கிட்டே கூப்பிட்டான். உதடு காய்ந்திருந்தது.

"அக்கா, அது என்னோடதுதான்."

"எது?"

"வெடி. பன்னிக்கு வாங்கிட்டு வந்தேன்."

எங்கள் ஊர் லால்குடிக்கு வடக்கே. கொஞ்ச காலமாக மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி இறங்கி ஒரே இரவில் கொல்லையையே புரட்டிவிடுகிறது. வேலி போட்டுப் பார்த்தார்கள், பழைய புடவை கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சிலர் அவுட்டுக்காய்க்குப் போனார்கள். தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி அது. பன்றி கடித்தால் வாய் கிழிந்து சாகும். சட்டப்படி பெரிய குற்றம். ஆனால் ஊரில் யாரும் அதை வெடிகுண்டு என்று நினைப்பதே இல்லை. எலிமருந்து வாங்கி வருவதுபோல வாங்கி வருவார்கள். என் தம்பியும் அப்படித்தான் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, துறையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருச்சி நகரத்தின் நடுமத்திக்குக் கொண்டு வந்திருக்கிறான். பஸ் மாறுவதற்காக!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அறுத்த கை என்றும் பார்க்காமல் அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன். "அந்த பாயை அடிச்சுக் கொன்னிருப்பாங்கடா பாவி. இப்ப ஜெயில்ல கெடக்காரு. போலீஸ்கிட்ட சொல்லு" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பயமா இருக்குக்கா" என்றான்.

அவன் பயம் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் இவன் உள்ளே போவான். திறக்காவிட்டால், கையைக் கட்டிய மனிதர் எத்தனை வருஷம் உள்ளே கிடப்பார் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை குளித்து மாற்றுடை எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. படியிறங்கும் இடத்தில் குடியிருப்போர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் என் எதிர்வீட்டு மாமா. பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பரம்பரையாகக் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பம். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ரசம் சாதம் அவர் வீட்டிலிருந்துதான் வரும். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெருமாள் காப்பாத்துவார்மா. உங்க தம்பி பொழைச்சிண்டாரோன்னோ, அதுவே பகவத் க்ருபை. அந்தப் பாவியை விடப்படாது."

பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். இனி கேட்டில் எல்லாருடைய பையையும் திறந்து பார்க்க வேண்டும். வாடகைக்கு விடும்போது யாருக்கு விடுகிறோம் என்று யோசித்து விட வேண்டும் என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. "இந்த மாதிரி மாட்டினவனுக்கு ஜாமீன்னு ஒண்ணு இருக்கவே படாது. விசாரணை நடக்கறபோது நடக்கட்டும், அதுவரை உள்ளேயே கெடக்கட்டும். நாலு நிரபராதி சேர்ந்து மாட்டிண்டா மாட்டிண்டுட்டுப் போகட்டும். தேசம்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த நாலு நிரபராதிகளில் தன் பிள்ளை ஒருவனாக இருப்பான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டம் எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்று கேட்டால், நாம் பதில் சொல்வதற்குமுன் மனதுக்குள் ஒரு முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம். அது நம் தெருக்காரர் முகமாக இருந்தால் கொஞ்சம் இரக்கம் இருக்கட்டும் என்கிறோம். அவர்கள் முகமாக இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாக இருக்கட்டும் என்கிறோம். தேசம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

"மாமா, வெடி என் தம்பியோடது. பன்னிக்கு வாங்கினது" என்று அங்கேயே போட்டு உடைத்தேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா" என்றார். "பன்னிக்கா? பாவம், பயிரைக் காப்பாத்த வேண்டாமா? விவசாயி வேற என்னதான் பண்ணுவான்?"

"அப்ப என் தம்பிக்கும் ஜாமீன் கெடையாதா மாமா?"

"அதெப்படிம்மா? இது அறியாம பண்ணினது. உள்நோக்கம் இல்லியே. அதுவும் இதுவும் ஒண்ணாகுமோ?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் மாடியேறிப் போனேன். கேட்டில் பையைத் திறந்து பார்க்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகப் பிறகு சொன்னார்கள். எந்த வெடிக்காக அந்தத் தீர்மானம் என்று நான் சொன்ன பிறகும் நிறைவேறியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் பெரியப்பா மகன் வந்திருந்தார். எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் மூத்தவர். கட்சிக்கரை வேட்டி, இரண்டு போன். வராந்தாவில் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தங்கச்சி, எல்லாம் பேசியாச்சு. இவன் பாதிக்கப்பட்டவன். அரசாங்க உதவி வரும், வேலைகூட கேக்கலாம். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத."

"அந்த பாய் என்ன ஆவாருண்ணே?"

"அவரு ஏற்கெனவே உள்ள போயிட்டாரு. நாம சொன்னாலும் சொல்லாட்டியும் அவனுங்கள்ல ஒருத்தன் உள்ளதான் இருப்பான். நம்ம புள்ளையும் சேந்து போகணுமா? நமக்கு இருக்கிறது ஒரு கொல்லை, ஒரு மாடு, ஒரு பய."

"வெடி நம்மளோடது. நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்."

அறைந்துவிட்டார். கன்னம் சுவரில் மோதி உதடு கிழிந்தது. வாயில் உப்புக்கரித்தது. என் கையில் தம்பிக்குக் கொண்டுவந்த கஞ்சிச் செம்பு இருந்தது. யோசிக்கவே இல்லை, அதாலேயே அவர் நெற்றியில் போட்டேன். கஞ்சி அவர் வேட்டியெல்லாம் வழிந்தது, நெற்றிப் புருவம் பிளந்து ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலேயே அடித்துக்கொண்டதில் ஒரு சௌகரியம், இரண்டு பேருக்கும் உடனே மருந்து போட்டுவிட்டார்கள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

சாயங்காலம் விசாரணை அதிகாரி வந்தார். களைத்த முகம், மரியாதையான பேச்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அந்த ஆளு பைய உங்ககிட்ட குடுத்தாரா? இல்ல, பக்கத்துல வச்சாரா?" என்று தம்பியிடம் கேட்டார். கேள்வியிலேயே பதில் பாதி இருந்தது. தம்பி என் கிழிந்த உதட்டைப் பார்த்தான். கதவோரம் நின்ற அண்ணனின் பிளாஸ்திரி நெற்றியைப் பார்த்தான்.

"பை என்னோடதுங்க" என்றான். "பன்னி வெடி. அந்த பாய் எனக்குக் கட்டுத்தான் போட்டாரு. அவர நான் முன்னப்பின்ன பாத்ததே இல்லைங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "உங்கள யாராச்சும் மெரட்டினாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் மெரட்டினேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "நீங்க சொல்றது எனக்கும் தெரியும்மா. துண்டைப் பாத்தப்பவே தெரியும். ஆனா மேல கேக்குறாங்க, டிவில பேர் சொல்லியாச்சு, ஊர் பூரா கைதட்டுது. வெடி ஒண்ணுதான். யார் கையில இருந்துச்சுங்கிறதுதான் கேஸ். உங்க தம்பி கையில இருந்தா அது பன்னிக்கு. அவர் கையில இருந்தா அது ஜனங்களுக்கு."

"எழுதிக்கங்க சார். உள்ளது உள்ளபடி எழுதிக்கங்க" என்றேன். எழுதிக்கொண்டார். அந்த வகையில் அவர் நல்ல மனிதர்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் கொல்லை மோட்டார் கொட்டகையில் தேடி மிச்சமிருந்த பழைய வெடிகளை எடுத்தார்கள். துறையூர்ப் பக்கம் விற்றவனைப் பிடித்தார்கள். தம்பியைக் கைது செய்தார்கள். எங்கள் வக்கீல் கோர்ட்டில், படிக்காத ஏழை விவசாயி, பயிரைக் காக்கச் செய்த தவறு, கையை இழந்ததே தண்டனை என்றார். பத்திரிகைகள் அப்படியே எழுதின. கட்டுப் போட்ட கையுடன் அவன் நின்ற படத்தைப் பார்த்து எங்கள் குடியிருப்பில் இரண்டு பேர் அழுதார்கள். சீக்கிரமே ஜாமீன் கிடைத்தது. வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த மனிதர் அப்போதும் உள்ளே இருந்தார். அவர்மேல் போட்டது தீவிரவாதத்துக்கான பெரிய சட்டம். அதில் போட்டதைக் கழற்ற அங்கே எழுதி, இங்கே அனுப்பி, மேலே கேட்டு, கீழே வரக் காலமாகும் என்றார்கள். வெடிக்குச் சொந்தக்காரன் வெளியே வந்து, வீட்டில் படுத்து, கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, துண்டுக்குச் சொந்தக்காரர் ஜெயிலில் இருந்தார். இதை நான் யாரிடம் சொன்னாலும், "ஒண்ணுமே இல்லாமலா புடிச்சிருப்பாங்க?" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருவழியாக அவரை விட்டார்கள் என்று கேள்விப்பட்டு அரியமங்கலம் போனேன். பட்டறைக் கதவு பூட்டியிருந்தது. பின்னாலேயே வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் என் கையிலிருந்த பழப்பையை வாங்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து, "வரச் சொல்லு" என்று குரல் வந்தது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடியை எடுத்திருந்தார். ஒரு கண் வெள்ளையாக இருந்தது. "என் தம்பி உசுரக் காப்பாத்துனீங்க பாய்" என்றேன்.

"லேத்துல ஒரு கண்ணு வச்சு வேலை செய்ய முடியாது தங்கச்சி. அளவு தப்பும்" என்றார். பிறகு, "உங்க தம்பி எத்தனை நாள் உள்ள இருந்தாப்ல?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாள்."

தலையை ஆட்டிக்கொண்டார். "என்னைய அடிச்சவன் மூஞ்சியெல்லாம் வீடியோவுல இருக்கு. ஒருத்தனையும் தேடல. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நான் எல்லாரு மாதிரியும் ஓடியிருக்கணும். உங்க தம்பி கெடக்குறான்னு விட்டுட்டு ஓடியிருக்கணும். அல்லா மேல ஆணையா, தெனம் அதத்தான் நெனைக்கிறேன்."

அவர் மனைவி கதவுக்குப் பின்னால் அழுதார். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு அங்கே உரிமை இல்லை. பழப்பையை வாசற்படியில் வைத்தேன். நான் தெருமுனைக்கு வருவதற்குள் அது சாக்கடையில் விழுந்த சத்தம் கேட்டது. நான் அந்த அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் கொண்டுவந்தவள் தலையிலேயே எறிந்திருப்பேன்.

தம்பி வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவான். இடது கையால் எழுதப் பழகிவிட்டான். இடது கையால் சாப்பிட மட்டும் மாட்டேன் என்றான். எங்கள் வீட்டில் யாரும் சோற்றை இடது கையால் தொட்டதில்லை, அவனால் முடியவில்லை. ஸ்பூன் கொடுத்தால் பிள்ளைக்கு மருந்து ஊட்டுவதுபோல இருக்கிறது என்று கூச்சப்பட்டான். ஊரில் அவன் மனைவி பிசைந்து ஊட்டுவாள், இங்கே நான் ஊட்டுவேன். சின்ன வயதில் அவனுக்கு நான் ஊட்டியிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு மதியம் சாம்பார் சாதம் முடிந்து தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமா பிரசாதம் கொடுக்க வந்தார். தம்பியின் தோளைத் தடவி, "தேவலையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே ஏதோ ஊரில் சில இளைஞர்களைத் தீவிரவாதச் சந்தேகத்தில் பிடித்திருக்கிறார்கள். துணியால் முகம் மூடி, வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவனுடைய அம்மா வேனைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"இதுகளுக்கெல்லாம் வக்கீல் வேற வச்சுண்டு ஜாமீன் கேக்கறா. என்ன தேசமோ" என்றார் மாமா.

என் தம்பி வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினான். "ஆமாங்க சார்" என்றான். "இவனுங்களுக்கு ஜாமீனே குடுக்கக் கூடாதுங்க. விட்டா ஓடிப்போயி மறுபடி வைப்பானுங்க. உள்ளேயே வச்சிரணும்."

அடுத்த கவளம் என் கையில் உருட்டியபடி இருந்தது.

"டேய், நீ இப்ப எங்க போயிட்டு வந்த?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷனுக்கு."

"எதுக்கு?"

"கையெழுத்துப் போடக்கா. தெரியாத மாதிரி கேக்குற?"

"எதுக்குடா கையெழுத்து?"

அவன் என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். கேலி செய்கிறேனா என்று யோசித்தான். பிறகு அவனுக்கு மெல்ல விளங்கியது, விளங்கியதும் முகம் சிவந்தது. "ஏன்க்கா, நான் என்ன தீவிரவாதியா?" என்றான். நடிப்பில்லை. உண்மையாகவே மனம் நொந்து கேட்டான்.

"அந்த பாய் தீவிரவாதியா?"

"ஐயோ, அந்த பாய் தங்கமான மனுஷன். அவர யாரு சொன்னா? நான் சொல்றது இவனுங்கள" என்று டிவியைக் காட்டினான். காட்டுவதற்கு வலது கையைத்தான் தூக்கினான். இல்லாத விரல் திரையில் அழுதுகொண்டிருந்த அந்தத் தாயை நோக்கி நீண்டது.

கவளத்தைத் தட்டில் போட்டேன். தட்டை அவன் முன்னால் தள்ளினேன்.

"இனிமே உன் கையாலேயே தின்னு" என்றேன்.

"கோவிச்சுக்காதம்மா, பாவம், கையில்லாத பிள்ளை" என்று மாமா பதறினார். தம்பி தட்டைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.